முதலில் உட்காரச் சொல்லுங்கள்

(வடசென்னையில் எங்கள் பகுதி வாசகர் வட்டம் நடத்திய ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியது. எழுத்துக்காகக் கொஞ்சம் சீர்செய்திருக்கிறேன்.)

அனைவருக்கும் வணக்கம்.

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, எனக்கு முன்னால் மிக அழகாகப் பேசி அமர்ந்திருக்கும் தலைமையாசிரியை அவர்களே, வட்டாட்சியராக இருந்து ஓய்வுபெற்ற பிறகும் நம் தெருப் பிள்ளைகளுக்கு எந்தச் சான்றிதழுக்கு எந்தத் தாளை இணைக்க வேண்டும் என்று வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து சொல்லித் தரும் ஐயா அவர்களே, ரேஷன் கடை ஊழியர்களே, மீன் மார்க்கெட்டிலிருந்து நேராக வந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

மாமன்ற உறுப்பினர் அம்மா காலையிலிருந்து ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்து, அப்புறம் மழைநீர் வடிகால் வேலையைப் பார்வையிடுவது என்று அலைந்துவிட்டு இங்கே வந்திருக்கிறார்கள். முகம் கொடுத்துப் பேசும் ஒரு பிரதிநிதி கிடைப்பது பெரிய விஷயம். அவர்களுக்கு நம் கைத்தட்டலைக் கொடுப்போம். மைக்செட்டுக்குப் பணம் வேண்டாம் என்று சொல்லிவிட்ட தம்பிக்கும் சேர்த்து ஒரு தடவை தட்டிவிடுங்கள். தலைவர் ஐயாவைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இந்த நூலகக் கட்டடத்தில் விளக்கு எரிகிறதென்றால் அவர் எழுதிய கடிதங்கள்தான் காரணம்.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, ‘அரசு சேவையில் மனிதநேயம்’. மூன்று விஷயம் சொல்லலாம் என்று வந்தேன். அலுவலகத்துக்கு வருகிறவரை எப்படி வரவேற்கிறோம் என்பது ஒன்று. மனு கொடுத்தவருக்குக் கையில் என்ன கொடுத்து அனுப்புகிறோம் என்பது இரண்டு. எல்லாம் கணினிக்கும் செல்போனுக்கும் மாறிவிட்ட பிறகு எழுதப் படிக்கத் தெரியாதவர் என்ன செய்வார் என்பது மூன்று.

என் அம்மா அடிக்கடி ஒரு பழமொழி சொல்வார்: தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். உங்கள் எல்லார் வீட்டிலும் யாராவது சொல்லியிருப்பார்கள். மனித சுபாவத்தைப் பொறுத்தவரை அது உண்மைதான். ஆனால் ஒரு அரசாங்கம் அப்படி இருக்க முடியுமா? கலெக்டருக்கு முழங்கால் வலி வரும்வரை வாசலில் சாய்தளம் கட்டாமல் காத்திருக்க முடியுமா?

முடியாது என்று காட்டியவர் நம்ம ஊரிலேயே வாழ்ந்திருக்கிறார். வண்ணாரப்பேட்டையில் சர் தியாகராயா கல்லூரி வழியாகத் தினமும் போகிறோம், வருகிறோம். அந்தப் பிட்டி தியாகராயர் செல்வந்தர். பசி என்றால் என்னவென்று அவர் அனுபவித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை இல்லை. ஆனாலும் 1920இல், அவர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்கத் தீர்மானம் போட்டார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மிகாமல் செலவு செய்யலாம் என்று தீர்மானத்திலேயே எழுதினார்கள். பசித்த பிள்ளையைப் பார்த்துப் பரிதாபப்பட்டு அவர் தன் பையிலிருந்து காசு எடுத்துக் கொடுத்திருந்தால் அன்றைக்கு ஒரு பிள்ளை சாப்பிட்டிருக்கும், அவ்வளவுதான். அவர் இரக்கத்தைத் தீர்மானமாக எழுதினார், அதற்குப் பணமும் ஒதுக்கினார். நான் இன்றைக்குச் சொல்ல வந்தது மொத்தமும் இதுதான்.

இப்போது ஒரு ஆயாவைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் இருக்கிறார். காசிமேட்டில் விடியற்காலையில் ஏலத்தில் மீன் எடுத்து, கூடையில் சுமந்து, பழைய வண்ணாரப்பேட்டைச் சந்துகளில் விற்றவர். ‘வஞ்சிரம், சங்கரா’ என்று அவர் குரல் கேட்டால் எங்கள் வீட்டில் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு ஓடுவோம். முழங்கால் போன பிறகு கூடையை இறக்கிவைத்துவிட்டு, வாசலிலேயே கோணி விரித்துக் கருவாடு போட்டு விற்கிறார். வீட்டுக்காரர் காலமான பிறகு, ஆதரவற்ற விதவை உதவித்தொகைக்கு எழுதிப் போடு ஆயா என்று நாங்கள்தான் சொன்னோம். 2023இல் அந்த உதவித்தொகையை 1000 ரூபாயிலிருந்து 1200 ரூபாயாக உயர்த்தினார்கள். நமக்கு 1200 ரூபாய் எந்த மூலைக்கு என்று தோன்றலாம். ஆயாவுக்கு அது சுகர் மாத்திரை, கரண்ட் பில், பேத்திக்கு ஒரு நோட்டுப் புத்தகம்.

துணைக்கு நான் போனேன். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. அங்கே இருப்பவர்களைக் குறை சொல்வதற்காக நான் மேடை ஏறவில்லை. அன்று காலையில் ஆயா கருவாட்டு வாசம் வரக்கூடாது என்று திரும்பத் திரும்பச் சோப்புப் போட்டுக் குளித்து, கழுத்தெல்லாம் பவுடர் போட்டு, பெட்டியில் இருந்த நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வந்தார். ‘கவர்மெண்டு ஆபீசுப்பா, மூஞ்சிய சுளிச்சிடப் போறாங்க’ என்றார். மஞ்சப்பையில் இறப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு, ஆதார், போட்டோ எல்லாம் பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்திருந்தார்.

நீளமான தாழ்வாரம். ஒரே ஒரு பெஞ்ச். அந்தப் பெஞ்சில் சிவப்பு நாடா கட்டிய கட்டுகளும் கெட்டுப்போன ஒரு பிரிண்டரும் இருந்தன. வந்தவர்கள் எல்லாரும் சுவரில் சாய்ந்து நின்றோம். கைக்குழந்தையோடு ஒரு பெண், ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட காலோடு ஒரு லோடுமேன், இந்த ஆயா. ஒரு காலை மாற்றி ஒரு காலில் நிற்கிறார், முழங்காலை அமுக்குகிறார், மறுபடி மாற்றுகிறார்.

ஜன்னலுக்குப் போகிற முறை வந்தது. ஆதாரில் பெயரில் ஒரு எழுத்து குறைகிறது, ரேஷன் கார்டில் சரியாக இருக்கிறது, திருத்திக்கொண்டு வா என்றார்கள். சரி என்று திருத்தப் போனால் கைரேகை விழவில்லை. எப்படி விழும்? வாழ்நாள் முழுக்க ஐஸிலும் உப்பிலும் ஊறிய விரல். முந்தானையில் துடைத்து வைத்தார், தலைமுடியில் தேய்த்து எண்ணெய்ப் பசை ஏற்றி வைத்தார், பத்து விரலையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். ஒருவழியாக அதை முடித்துக்கொண்டு மறுபடி பழைய ஜன்னலுக்கு வந்தால், சர்வர் டவுன், நாளைக்கு வாம்மா. இப்படிப் பல தடவை நடந்தது. ஒரு நாள் கால் தாங்காமல் ஆயா தாழ்வாரத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். உள்ளேயிருந்து ஒருவர், ‘இங்க உட்காரக்கூடாதும்மா, வழிய விடு’ என்றார்.

சுவரைப் பிடித்து எழுந்த ஆயா கோபப்படாமல் ஒன்று கேட்டார்: ‘சாவு வூட்டுக்குப் போனாக்கூட மொதல்ல குந்தும்மான்னுதான் சொல்லுவாங்க. இது இன்னா வூடு கண்ணு, ஒருத்தரும் குந்துன்னு சொல்லலியே?’

அதைக் கேட்டுவிட்டு உள்ளேயிருந்து ஒரு இளம்பெண் எழுந்து வந்தார். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் போலிருக்கிறது. தான் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டு, ‘உட்காருங்க ஆயா’ என்றார். மஞ்சப்பையை வாங்கி ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில், முதலில் எங்கே போக வேண்டும், அங்கே எதைக் காட்ட வேண்டும், எதை நகல் எடுக்க வேண்டும் என்று பெரிய எழுத்தில் வரிசையாக எழுதி, ஆயாவுக்குப் படித்தும் காட்டினார். ‘இதை முடிச்சிட்டு நேரா என்கிட்ட வாங்க’ என்றார். அதன்படி போனோம், வேலை முடிந்தது, பணம் வருகிறது. அந்த நாள்காட்டித் தாளை ஆயா இன்னும் ஆதாரோடு சேர்த்து வைத்திருக்கிறார்.

கைதட்டுகிறீர்கள். அந்தப் பெண்ணுக்கு இது சேர வேண்டும். ஆனால் மிச்சத்தையும் கேளுங்கள். சில மாதம் கழித்து வேறொரு வேலையாக அதே அலுவலகத்துக்குப் போனேன். அவருக்கு மாற்றல் ஆகிவிட்டதாம். தாழ்வாரத்தில் நாற்காலி இல்லை. பெஞ்சில் அதே பிரிண்டர் இருந்தது.

நல்ல மனசு ஒருவரோடு வருகிறது, அவருக்கு மாற்றல் வந்தால் அவரோடு போய்விடுகிறது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்றால், வலி தெரிந்த ஒரு ஊழியர் நம் ஜன்னலில் உட்காரும் நாளுக்காக நாம் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அது சேவை ஆகாது, அதிர்ஷ்டம். அதனால்தான் இரண்டு வருஷமாக நான் போகிற மேடையிலெல்லாம் நாற்காலி நாற்காலி என்று பேசிக்கொண்டிருக்கிறேன். மக்கள் காத்திருக்கும் ஒவ்வொரு அரசு அலுவலகத்திலும் தரைத்தளத்தில் ஒரு ஜன்னல் வேண்டும், அதன் முன்னால் நாற்காலிகள் வேண்டும், ஒரு மின்விசிறி, ஒரு குடிநீர்க் குழாய் வேண்டும். இது ஒரு அதிகாரியின் தயவாக இருக்கக் கூடாது, விதியாக இருக்க வேண்டும்.

சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். 1918 ஏப்ரலில் பெரம்பூரில் மதராஸ் தொழிலாளர் சங்கம் பிறந்தது. தொழிற்சங்கத் தலைவர்கள் திரு.வி.க.வும் வாடியாவும் வந்து நின்ற அந்தச் சங்கத்தில் ஆலைத் தொழிலாளிகள் சொன்ன முக்கியமான குறைகளில் ஒன்று, மத்தியானம் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட நேரம் போதவில்லை என்பது. அப்புறம் 2021இல் நம் சட்டமன்றம் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. ஜவுளிக்கடை, நகைக்கடைகளில் நாளெல்லாம் நின்றே வேலை பார்க்கும் ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று சட்டமாக்கினார்கள். கேரளம் 2018இல் செய்தது, அடுத்து நாம் செய்தோம். எவ்வளவு பெருமை! கடைக்காரர் தன் ஊழியருக்கு நாற்காலி போட வேண்டும் என்று சட்டம் போட்ட அரசு, தன் வாசலில் நிற்கும் ஆயாவுக்கும் போடலாம் இல்லையா? மாற்றுத்திறனாளிகளுக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டம் பொதுக் கட்டடங்களை எல்லாரும் வந்துபோகும்படி மாற்றச் சொல்கிறது. அதையும் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறேன்.

ஊழியர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. வட்டாட்சியர் ஐயா தலையை ஆட்டுகிறார். ஒரு மேசையில் மூன்று பேர் வேலை, காலியிடம் நிரப்பவில்லை, தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியல், மழை வந்தால் நிவாரண முகாம். சர்வர் நின்றால் திட்டு வாங்குவது ஜன்னலில் இருப்பவர்தான். வந்தவர்கள் உட்கார்ந்திருந்தால் சத்தம் குறையும், சத்தம் குறைந்தால் அவருக்கும் தலைவலி குறையும். நாற்காலி அவருக்கும் உதவும்.

அரசுக்கு இது தெரியாது என்று சொன்னால் தப்பு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்கள் காசில்லாமல் போகிறார்கள். அதற்கு மனு உண்டா? வருமானச் சான்றிதழ் உண்டா? ஏறி உட்கார்ந்தால் போதும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவருகிறது. 2025 ஆகஸ்டில் ‘தாயுமானவர்’ திட்டத்தை நம்ம தண்டையார்பேட்டையில்தான் தொடங்கிவைத்தார்கள். வயதானவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள் வீடு தேடி வருகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு 6000 ரூபாய் கொடுத்தபோது, எந்த நாளில் எந்த நேரத்துக்கு வர வேண்டும் என்று டோக்கனில் போட்டுக் கொடுத்தார்கள். இப்படி யோசிக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு தாழ்வாரத்தைச் சரிசெய்வது மலையைப் புரட்டுகிற காரியம் இல்லை.

இரண்டாவது விஷயம், ஒப்புகைச் சீட்டு. 2015 செப்டம்பரில் வந்த அரசாணை எண் 99, மனு வாங்கிய மூன்று நாளுக்குள் ஒப்புகை கொடுக்க வேண்டும், முப்பது நாளுக்குள் தீர்வு சொல்ல வேண்டும் என்கிறது. எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மத்தியப் பிரதேசம் 2010இலேயே சேவை பெறும் உரிமைக்குச் சட்டம் போட்டு, தாமதம் செய்யும் அதிகாரிக்கு அபராதமும் வைத்தது. நமக்கும் அப்படி ஒரு சட்டம் வேண்டும். அதைப் பற்றி வட்டாட்சியர் ஐயா என்னைவிட நன்றாகப் பேசுவார், அவரிடம் விட்டுவிடுகிறேன்.

மூன்றாவது விஷயத்தைத் தொடுவதற்குள் தலைவர் ஐயா சீட்டு அனுப்பிவிட்டார். அவர் நேரத்தை மதிக்க வேண்டும். கணினி பற்றி இன்னொரு நாள் விரிவாகப் பேசுகிறேன். ஒன்று மட்டும்: தேய்ந்த விரலுக்குப் பதில் கருவிழியைப் பார்க்கும் கருவி ரேஷன் கடைகளுக்கு வந்தது ஆயா மாதிரியானவர்களுக்குப் பெரிய நிம்மதி. யாரோ ஒரு அதிகாரி, அந்த விரலோடு வாழாத ஒருவர், அந்த விரலை யோசித்திருக்கிறார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வராமலே தெரிந்துகொண்டவர் அவர். அவருக்கு இந்த மேடையிலிருந்து நன்றி சொல்கிறேன்.

வாசலில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். அதில் கோரிக்கை மனு இருக்கிறது. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பகுதிகளில் மக்கள் வந்துபோகும் அரசு அலுவலகங்களில் தரைத்தள ஜன்னல், நாற்காலி, மின்விசிறி, குடிநீர், தேதி போட்ட ஒப்புகைச் சீட்டு. ஒரே பக்கம்தான். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். படிக்க முடியாதவர்களுக்கு நம் கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர் படித்துக் காட்டுவார்கள், உட்கார நாற்காலியும் போட்டிருக்கிறோம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகைக்குப் போய்க் கலெக்டர் அவர்களிடம் கொடுக்கிறோம். வரக்கூடியவர்கள் காலை ஒன்பது மணிக்கு நூலக வாசலுக்கு வந்துவிடுங்கள். மாமன்ற உறுப்பினர் அம்மா முதல் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அவர்களை மேசைக்கு அன்போடு அழைக்கிறேன்.

நன்றி, வணக்கம்.