கரையிலிருந்து கிளி வரைக்கும்

(ராயபுரத்தில் ஒரு நூலகக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அக்கா, அண்ணன்களே, முன்னால் பாய் போட்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளே, வணக்கம்.

நான் கதைகளை வரைகிறவள். ஏழு கடல் ஏழு மலை தாண்டி ஒரு குகை, குகைக்குள் கூண்டு, கூண்டுக்குள் கிளி, கிளிக்குள் மந்திரவாதியின் உயிர் என்று ஆயா சொல்லித் தூங்க வைப்பார்களே, அந்தக் கதைகள்தான். படிக்கிற காலத்தில் ஓர் ஆசிரியர் என் படத்தைப் பார்த்துவிட்டு, "இது ஓவியம் இல்லைம்மா, வெறும் அலங்காரம்" என்றார். மீன் முள் மாதிரி அது தொண்டையிலேயே நின்றுவிட்டது. அந்த 'வெறும்' என்ற சொல்லைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

ருஷ்யாவில் இவான் பிலிபின் என்று ஒருவர், 1876-இல் பிறந்தவர். கதைப் புத்தகங்களுக்குப் படம் போட்டவர். ருஷ்யக் கதையில் வருகிற வாசிலிசா என்ற பெண்ணை அவர் வரைந்திருப்பதைப் பாருங்கள். கையில் ஒரு கம்பு, கம்பின் நுனியில் மண்டையோடு, அதன் கண்களில் வெளிச்சம். கறுப்புக் கோடு கெட்டியாக ஓடும், கோட்டுக்குள் வண்ணம் தட்டையாக நிற்கும், வெள்ளைக் கோலத்துக்குள் செம்மண் பூசுவோமே, அதேபோல. படத்தைச் சுற்றிப் புடவைக்கு இருப்பதுபோல ஒரு கரை. அவர் 1902 முதல் 1904 வரை வட ருஷ்யக் கிராமங்களில் அலைந்து மரவீட்டுச் செதுக்கல், பூவேலைத் துணி, பழைய உடுப்பு என்று தேடித் தேடிச் சேர்த்தவர். கதையைச் சொன்ன பாட்டிகளின் ஊரையே அவர் தன் படங்களுக்குள் கொண்டுவந்தார் என்றுதான் எனக்குத் தோன்றும். 1942-இல், இரண்டாம் உலகப் போரில் லெனின்கிராட் நகரத்தை முற்றுகையிட்டிருந்தபோது, பட்டினியால் செத்துப்போனார். அதை நினைக்காமல் அவர் படத்தை என்னால் திறக்க முடிவதில்லை.

ருஷ்யக் கவிஞர் புஷ்கின் எழுதிய சல்தான் மன்னன் கதைக்கு 1905-இல் ஒரு படம் போட்டார். ராணியையும் பிள்ளையையும் பீப்பாயில் அடைத்துக் கடலில் தள்ளிவிடுகிறார்கள், பீப்பாய்க்கு மேலே நுரையெல்லாம் விரல் விரலாக வளைந்த ஓர் அலை. ஜப்பானின் ஹொகுசாய் வரைந்த அலையிலிருந்து வந்தது அது. காசிமேட்டில் கடலுக்குப் போகிற இரண்டு பேரிடம் காட்டினேன். "அலை இப்படியா இருக்கும்?" என்றார் ஒருவர். மற்றவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பயந்துபோய்ப் பார்த்தா இப்படித்தான் தெரியும்" என்றார். அந்த ஆசிரியருக்கு நான் சொல்லத் தெரியாமல் விழித்த பதில் இதுதான்.

அப்புறம் இங்கிலாந்தின் வில்லியம் மாரிஸ், துணிகளுக்குப் பூவும் கொடியும் வரைந்தவர். தன் தோட்டத்தில் பழம் திருடிய பறவைகளை 1883-இல் ஒரு துணியில் கொண்டுவந்தார். துணி முழுவதையும் அவுரி நீலத்தில் முக்கி, பூவும் பறவையும் வரவேண்டிய இடத்தை மட்டும் வெளுத்து, அதன்மேல் மற்ற நிறங்களை அச்சிட்டார்கள். வெளுப்பது எவ்வளவு பெரிய வேலை என்று வண்ணாரப்பேட்டைக்குச் சொல்லித்தரத் தேவையில்லை, கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் கப்பலேற்றிய துணியைத் துவைத்து வெளுத்தவர்களால்தான் அந்தப் பேட்டைக்கே பெயர் வந்தது. நம் சோழமண்டலக் கரையில் வரைந்த பூத்துணிகளை ஐரோப்பா ஆசைப்பட்டு வாங்கியிருக்கிறது. அதில் உழைத்த கைகளை நினைத்தால் 'வெறும்' என்று சொல்ல எனக்கு வாய் வராது.

சரி, என் கிளிக்கு வருகிறேன். ருஷ்யக் கதையிலும் கொஷ்செய் என்று ஒருவன், அவன் சாவு ஊசிக்குள், ஊசி முட்டைக்குள், முட்டை வாத்துக்குள், வாத்து முயலுக்குள், முயல் பெட்டிக்குள். நம் கதையைப் போலவே ஒன்றுக்குள் ஒன்று. முதலில் நான் நடுவில் பெரிதாகக் கிளியை மட்டும் வரைந்தேன், உயிரே இல்லை. அதை அழித்துவிட்டுக் கிளியை விரலளவுக்குச் சிறிதாக்கி, சுற்றி ஏழு கரை போட்டேன், ஒவ்வொரு கரையும் ஒரு கடல். முதல் கடலுக்கு வலைக்கண்ணி, இரண்டாவதற்கு நம் படகுகளின் முகப்பில் பூசுகிற நிறங்கள், அப்படியே உள்ளே உள்ளே.

படம் பின்பக்கச் சுவரில்தான் மாட்டியிருக்கிறது. போகும்போது பாருங்கள், பிள்ளைகளே, கிளியை உடனே தேடாதீர்கள், வெளிக்கரையில் வலைக்கண்ணியிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு கடலாகத் தாண்டிப் போங்கள்.