சரளை மண்ணில் விளைந்த சிவப்பு ஒயின்

வணக்கம். ஒயினைப் பற்றிப் பேசச் சொன்னால் நான் எங்கே போய் நிற்பேன் என்று என் நண்பர்களுக்குத் தெரியும். பிரான்சில் போர்தோ நகரத்தை ஒட்டிய பெசாக்கில் இருக்கிற ஷாத்தோ ஓ-பிரியோன் தோட்டம்தான்.

1663 ஏப்ரலில் லண்டன் மதுக்கடை ஒன்றில் இந்த ஒயினைக் குடித்த ஆங்கிலேய அதிகாரி சாமுவேல் பீப்ஸ், இப்படியொரு தனிச்சுவையைக் கண்டதே இல்லை என்று நாட்குறிப்பில் எழுதினார். தோட்டத்துக்குச் சொந்தக்காரர்களான பொந்தாக் குடும்பத்தார் லேசுப்பட்டவர்கள் இல்லை. 1666 பெருந்தீயில் லண்டன் எரிந்த பிறகு, அங்கேயே தங்கள் பெயரில் ஒரு உணவு விடுதியைத் திறந்துவிட்டார்கள்!

1677-இல் தத்துவ அறிஞர் ஜான் லாக் தோட்டத்தையே நேரில் பார்க்கப் போனார். போனால், வெள்ளை மணலும் கொஞ்சம் சரளையும். இதில் என்ன விளையும் என்று அவருக்குத் தோன்றியது. பக்கத்துத் தோட்டத்திலும் பார்வைக்கு அதே மண்தான், நடுவில் ஒரு பள்ளம்தான், ஆனால் ஒயின் இவ்வளவு நன்றாக வராது என்று வியாபாரிகள் அவரிடம் சொன்னார்கள். விலை ஏன் ஏறியது தெரியுமா? என்ன விலையானாலும் வாங்கி அனுப்பு என்ற இங்கிலாந்துப் பணக்காரர்களால். அதையும் லாக்கே குறித்திருக்கிறார். (இன்றைய விலையைக் கேட்டால் தலை சுற்றும், அது வேறு கதை.)

சரி, பாதுகாப்பதற்கு வருவோம். பீப்ஸ் குடித்தது பீப்பாயில் கப்பலேறி வந்த இளம் ஒயின். வருடக்கணக்கில் வைத்துக் குடிப்பதெல்லாம், படுக்க வைக்கக்கூடிய புட்டியும் இறுக்கமான கார்க்கும் வந்த பின்னால்தான். கார்க் காயக்கூடாது என்றுதான் படுக்க வைக்கிறோம். வெளிச்சம் ஆகாது. 12, 13 டிகிரி செல்சியஸ் நல்லது. அதைவிட முக்கியம், வெப்பநிலை ஏறி இறங்காமல் இருப்பது. மறுபடியும் சொல்கிறேன், ஏறி இறங்கக் கூடாது. சூட்டில் ஒயின் விரிந்து கார்க்கைத் தள்ளும். குளிரில் சுருங்கிக் காற்றை உள்ளே இழுக்கும். சமையலறைப் பரணில் போட்டுவிட்டுப் பத்து வருடம் காத்திருப்பவர்களை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது.

ஒழுங்காக வைத்திருந்தால், நெல்லிக்காய் கடித்த மாதிரி நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு மெல்லத் தணியும். கருஞ்சிவப்பு செங்கல் நிறத்துக்குத் திரும்பும், வண்டல் படியும். எல்லா ஒயினும் இப்படி ஆகாது. கடையில் கிடைப்பதில் பெரும்பாலானவை சீக்கிரம் குடிக்க வேண்டியவைதான்.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தானாம். சுவைப்பதைப் பற்றி நிறைய வைத்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். பழைய புட்டியைக் குடிப்பதற்கு முதல் நாளே நிமிர்த்தி வையுங்கள். குடுவைக்கு மெதுவாக ஊற்றி, வண்டல் கழுத்துக்கு வந்ததும் நிறுத்துங்கள். இளம் ஒயினைச் சில மணி நேரம் காற்றாட விடலாம். மிகப் பழையதை உடனே குடியுங்கள், மணம் போய்விடும். நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்தால் கார்க்கால் கெட்ட ஒயின், அதை எத்தனை மணி நேரம் காற்றாட விட்டாலும் தேறாது. வணக்கம்.