கடன் எங்கே போகிறது? நிதி வளர்ச்சியும் கரிம உமிழ்வும்

அவையோருக்கு வணக்கம்.

நிதித்துறை வளர்ந்தால் ஒரு நாட்டின் கரிம உமிழ்வு கூடுமா, குறையுமா? கூடும் என்றும் ஆய்வுகள் உண்டு, குறையும் என்றும் உண்டு. பல ஆய்வுகள் ஒரே எண்ணை நம்புவதுதான் குழப்பத்துக்கு முக்கியக் காரணம் என்பது என் கருத்து. தனியார் துறைக் கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் எத்தனை சதவீதம் என்பதே அந்த எண். கடன் உருக்காலைக்குப் போனதா, சூரிய மின்நிலையத்துக்குப் போனதா என்று அதில் தெரியாது.

சீனாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2008 நெருக்கடியைச் சமாளிக்க 4 லட்சம் கோடி யுவான் ஊக்கத்திட்டம் அறிவித்தார்கள். 2009இல் வங்கிகள் வழங்கிய புதுக்கடன் ஏறத்தாழ 9.6 லட்சம் கோடி யுவான். முந்தைய ஆண்டைவிடக் கிட்டத்தட்ட இருமடங்கு. அதில் கணிசமான பங்கு சாலை, ரயில், கட்டடங்களுக்குப் போயிற்று. எல்லாமே சிமென்டையும் எஃகையும் விழுங்குபவை. நிலக்கரி கொண்டு இரும்புத்தாதை உருக்கும் ஊதுலை வழியில் ஒரு டன் எஃகு எடுத்தால் சுமார் 2 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும்.

வங்கிகள் ஏன் அந்தப் பக்கமே சாய்கின்றன? நிலம், உலை, இயந்திரம் என்று அடமானம் வைக்க அங்கே பொருள் இருக்கிறது. புதுத் தொழில்நுட்பத்தை மட்டும் வைத்திருக்கும் நிறுவனத்திடம் அடகு வைக்க என்ன இருக்கிறது? பொருளியலாளர்கள் டி ஹாஸ், போபோவ் இருவரும் 48 நாடுகளின் 1990–2013 தரவுகளை ஆராய்ந்தார்கள். வங்கிக் கடனோடு ஒப்பிட, பங்குச்சந்தை வழியாக அதிக மூலதனம் திரட்டும் நாடுகளில் தனிநபர் உமிழ்வு குறைவாக இருப்பதைக் கண்டார்கள்.

வட்டி இன்னும் முக்கியம். ஒரு மெகாவாட் சூரிய நிலையத்துக்கு 4 கோடி ரூபாய், முழுவதும் கடன், 25 ஆண்டுத் தவணை, ஆண்டுக்கு 16 லட்சம் யூனிட் உற்பத்தி என்று வைத்துக்கொள்வோம். 5% வட்டியில் ஆண்டுத் தவணை சுமார் 28.4 லட்சம், யூனிட்டுக்கு 1.77 ரூபாய். அதே நிலையம், அதே வெயில், 10% வட்டி என்றால் 44 லட்சம், யூனிட்டுக்கு 2.75 ரூபாய். நிலக்கரி நிலையத்தில் செலவின் பெரும்பகுதி எரிபொருளாக ஆண்டுதோறும் வருகிறது. வட்டி ஏறினால் அதற்கு இவ்வளவு அடி விழாது. கடன் வட்டி உயர்ந்த ஏழை நாடுகளில் சூரிய மின்சாரம் தடுமாறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அளவீட்டில் ஒரு பெரிய பொறி உண்டு. சுவிட்சர்லாந்தின் நிதித்துறை மிகப் பெரியது, உள்நாட்டு உமிழ்வு குறைவு. ஆனால் அந்நாட்டு மக்களின் நுகர்வால் விளையும் உமிழ்வில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வெளிநாடுகளில் நடக்கிறது. இறக்குமதியைச் சேர்க்காத கணக்கு, நிதி வளர்ச்சிக்கு வீண் புகழ் சேர்க்கும்.

2021 நவம்பரில் சீன மத்திய வங்கி ஒரு வழி திறந்தது. உமிழ்வைக் குறைக்கும் திட்டங்களுக்கு ஒரு வங்கி கொடுத்த கடனில் 60 சதவீத அளவுப் பணத்தை, அப்போது 1.75% வட்டிக்கு மத்திய வங்கி அந்த வங்கிக்குக் கடனாகத் தந்தது. அந்தச் சலுகை வேண்டுமென்றால், தான் கொடுத்த கடனால் எத்தனை டன் உமிழ்வு குறைந்தது என்பதை வங்கி வெளியிட்டாக வேண்டும். எந்த நாட்டுக் கடன் புள்ளிவிவரத்தோடும் சேர வேண்டிய விவரம் அது.