தோண்டுமுன் ஊரைக் கேளுங்கள்

பெருமதிப்பிற்குரிய கூட்டத் தலைவர் அவர்களே, முன்னிலை ஏற்றிருக்கும் முதுபெரும் புலவர் ஐயா அவர்களே, எனக்கு முன்னால் பேசி அவையைத் தட்டி எழுப்பிவிட்டு அமர்ந்திருக்கும் வழக்கறிஞர் அம்மையார் அவர்களே, நிலவியல் பேராசிரியர் அவர்களே, கடைசி வரிசை வரை நிறைந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, இளைஞர்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம். தலைவர் அவர்கள் அறிமுக உரையில் என் தகுதிக்கு மீறிப் புகழ்ந்தார்கள். அது அவர்களுடைய பெருந்தன்மை. புலவர் ஐயா இந்த வயதிலும் படியேறி மேடைக்கு வந்திருக்கிறார்கள். அந்த அக்கறைக்கே நாம் ஒருமுறை கைதட்ட வேண்டும்.

திறந்தவெளித் தங்கச் சுரங்கம் வருகிறது என்றால் ஊர்மக்கள் ஏன் எதிர்க்கிறார்கள்? தண்ணீர், வேலைவாய்ப்பு, வாக்குரிமை என்று மூன்று தலைப்புகளில் பேச ஒப்புக்கொண்டு வந்திருக்கிறேன். அதற்கு முன் ஒரு பழமொழி. தங்க ஊசி என்பதற்காகக் கண்ணில் குத்திக்கொள்ள முடியுமா? இதைச் சொல்லாமல் நான் எந்த மேடையிலிருந்தும் இறங்கியதில்லை.

தண்ணீருக்கு வருகிறேன். ஒரு டன் பாறையில் ஒரு கிராம் தங்கம் இருந்தாலே இலாபம் என்று வெட்டுகிற சுரங்கங்கள் இன்று இருக்கின்றன. கணக்குப் போடுங்கள். ஒரு பவுன் எட்டு கிராம். அதற்கு எட்டு டன் கல்லை உடைக்க வேண்டும். அந்தக் கல்லை எட்டுவதற்காக மேலே இருக்கிற மண்ணையும் பாறையையும் அள்ளிக் கொட்டுவது தனிக்கணக்கு. உடைத்த கல்லை ஒரு விரிப்பின்மேல் குன்றாகக் குவிக்கிறார்கள். உச்சியில் குழாய்களைப் பரப்பி, சயனைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள். அது வாரக்கணக்கில் கசிந்து, கண்ணுக்குத் தெரியாத தங்கத்தைக் கரைத்துக்கொண்டு அடியில் வந்து சேர்கிறது.

விரிப்பு கிழிந்தால்? நச்சுக் கழிவுநீரைத் தேக்கிவைக்கிற அணை உடைந்தால்? 2000 ஜனவரி 30 அன்று ருமேனியாவின் பாயா மாரேயில் உடைந்தது. பழைய சுரங்கக் கழிவிலிருந்து தங்கம் பிரித்த ஆலையின் அணை அது. ஏறக்குறைய ஒரு லட்சம் கன மீட்டர் நச்சுநீர் ஆற்றில் இறங்கி, எல்லை தாண்டி ஹங்கேரியின் திசா ஆற்றுக்குப் போய், டான்யூப் வரை சேர்ந்தது. ஹங்கேரியில் ஆயிரம் டன்னுக்கு மேல் மீன்கள் மடிந்ததாக மதிப்பிட்டார்கள். சயனைடு வெயிலில் சிதைந்துவிடும் என்று கம்பெனிக்காரர்கள் சொல்வார்கள். பெருமளவு சிதையும், உண்மைதான். ஆனால் கந்தகம் கலந்த பாறையைக் காற்றுக்கும் மழைக்கும் திறந்துவிட்டால் அதில் அமிலம் ஊறத் தொடங்கும். கம்பெனி மூட்டை கட்டிக்கொண்டு போன பிறகும் அது ஊறிக்கொண்டே இருக்கும். அமெரிக்காவின் கொலராடோவில் சம்மிட்வில் சுரங்கக் கம்பெனி 1992இல் திவாலானது. துப்புரவுச் செலவு 15 கோடி டாலருக்கு மேல். பெரும்பகுதி அரசின் தலையில், அதாவது மக்களின் தலையில் விழுந்தது.

இப்போது ஒரு கதை சொல்கிறேன். நடந்த கதை. பெரு நாட்டின் வடக்கே தம்போகிராண்டே என்று ஒரு சிறு நகரம். சுற்றிலும் வறண்ட பூமி. உலக வங்கிக் கடனில் பாசனக் கால்வாய் வந்தது, மக்கள் குடியேறினார்கள், எலுமிச்சையும் மாமரமும் வைத்தார்கள். பாலையாகக் கிடந்த இடம் தோப்பாயிற்று. அந்த நகரத்துக்கு அடியிலேயே தங்கம் இருக்கிறதென்று ஒரு கனடாக் கம்பெனி வந்தது. குழி வெட்ட வேண்டுமானால் ஆயிரக்கணக்கானவர்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். புது வீடு தருகிறோம் என்றார்கள். தோப்புக்கு யார் புதுத் தண்ணீர் தருவார்கள் என்று விவசாயிகள் கேட்டார்கள். அவர்களை முன்னின்று நடத்தியவர் கோதோஃப்ரேதோ கார்சியா பாகா என்ற விவசாயி. 2001 மார்ச் 31 அன்று, மகனோடு தன் தோட்டத்துக்குப் போகிற வழியில் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள்.

அதோடு ஊர் அடங்கிப் போகும் என்றுதானே நினைத்திருப்பார்கள்? தாய்மார்களே, ஊர் அடங்கவில்லை. தலைநகர்வாசிகளுக்கும் புரிகிற மாதிரி ஒரு முழக்கத்தைக் கையில் எடுத்தார்கள்: "எலுமிச்சை இல்லையேல் செவிச்சே இல்லை!" செவிச்சே என்பது எலுமிச்சைச் சாற்றில் பச்சை மீனை ஊறவைத்துச் செய்வது, பெருவில் அதைச் சாப்பிடாத வீடு அரிது. அந்த ஒரு வரியில், எங்கோ வடக்கே நடக்கிற சண்டை நாட்டில் ஒவ்வொருவர் சாப்பாட்டுத் தட்டுக்கும் வந்துவிட்டது. பிறகு நகராட்சியே வாக்குப்பெட்டி வைத்தது. இது செல்லாது என்றது அரசு. 2002 ஜூன் 2 அன்று மக்கள் வரிசையில் நின்றார்கள். வாக்களித்தவர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்கள் "வேண்டாம்" என்று குத்தினார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் திட்டம் கைவிட்டுப் போயிற்று. கம்பெனி நிபந்தனைகளை நிறைவேற்றவில்லை என்று அரசுத் தரப்பு காரணம் சொன்னது. எந்தக் காரணத்தைச் சொன்னாலும் சொல்லட்டும், அந்தக் குழி வெட்டப்படவில்லை.

தங்க ஊசியைக் கண்ணுக்கு நேரே நீட்டியபோது அந்த மக்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அர்ஜென்டினாவின் எஸ்கெல் நகரம் 2003இல் 81 விழுக்காடு வாக்குகளால் "வேண்டாம்" என்றது. அந்த மாகாணம் திறந்தவெளிச் சுரங்கத்தையும் சயனைடையும் தடுத்துச் சட்டமே போட்டது. கொலம்பியாவின் கஹமார்காவில் 2017இல் எதிர்ப்பு வாக்கு 6,165. ஆதரவு வெறும் 76! ஆனால் மறு ஆண்டே அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம், இத்தகைய வாக்கெடுப்பால் சுரங்கத்தைத் தடுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. வழக்கறிஞர் அம்மையார் இதைத் தொட்டுக் காட்டினார்கள். நான் ஊர் ஊராகப் போய்க் கேட்பதும் இதைத்தான். மக்கள் கருத்தைக் கேட்கிறோம் என்று நாற்காலி போட்டு, தேநீர் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போவதில் என்ன பயன்? வாக்கின் முடிவு அரசைக் கட்டுப்படுத்த வேண்டும். சட்டத்தில் அப்படி எழுத வேண்டும்.

வேலைவாய்ப்பைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். நேரம் இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். சுரங்கத்துக்கு ஆயுள் பெரும்பாலும் பத்து, இருபது ஆண்டு. தோப்புக்கும் ஆற்றுக்கும் யாராவது முடிவு தேதி குறித்திருக்கிறார்களா? தங்க ஊசிதானே, குத்திக்கொள் என்று பிள்ளைகளிடம் நாம் சொல்ல முடியுமா?

தலைவர் அவர்கள் அடுத்து தீர்மானத்தை வாசிப்பார்கள். அதில் மூன்று கோரிக்கைகள் இருக்கின்றன. துளையிட்டுப் பார்ப்பதற்கு முன்பே வாக்கெடுப்பு. சுற்றுச்சூழல் அறிக்கையை ஊர்மக்கள் பேசும் மொழியில் முழுதாக வாசித்துக் காட்டுவது. பட்டா இருக்கிறதா இல்லையா என்று பாராமல் ஆண், பெண் எல்லோருக்கும் ஒரு வாக்கு. உடன்படுகிறவர்கள் வாசலில் இருக்கும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். கையெழுத்துப் போடத் தெரியாத பெரியவர்களுக்காக மைப்பெட்டியும் வைத்திருக்கிறோம். நன்றி, வணக்கம்.