வானத்தை ஆளும் அலுவலகங்கள்: ஓர் அரசு தன் விமானத்துறையை எப்படி அமைக்கிறது?

[திரையில்: உலக வரைபடம். நாடுகளின் எல்லைக்கோடுகள் நிலத்திலிருந்து மேலெழுந்து சுவர்களாகின்றன.]

தன் நிலப்பரப்புக்கு மேலுள்ள வான்வெளியில் ஒவ்வொரு நாட்டுக்கும் முழு இறையாண்மை உண்டு என்பதை, 1944 டிசம்பர் 7 அன்று கையெழுத்தான சிகாகோ உடன்படிக்கை தன் முதல் பிரிவிலேயே ஏற்றுக்கொள்கிறது. அந்த உரிமையோடு பொறுப்பும் வருகிறது. பன்னாட்டுப் பயணத்தில் ஈடுபடும் விமானம் பறக்கத் தகுதியானது என்றும், அதை ஓட்டுபவர் தேர்ச்சி பெற்றவர் என்றும் சான்றளிக்க வேண்டியது அந்த விமானம் பதிவான நாட்டின் அரசுதான். குறைந்தபட்சத் தரம் காக்கப்பட்டிருந்தால் பிற நாடுகள் அந்தச் சான்றை ஏற்றாக வேண்டும்.

அந்தத் தரங்களை வகுப்பது ஐக்கிய நாடுகளின் சிறப்பு அமைப்பான பன்னாட்டுக் குடிமை விமானப் போக்குவரத்து நிறுவனம், சுருக்கமாக ஐகாவோ. ஆனால், உடன்படிக்கையின் 19 இணைப்புகளில் தரங்களை எழுதிவைத்து, நாடுகள் அவற்றைப் பின்பற்றுகின்றனவா என்று தணிக்கையும் செய்யும் இந்த அமைப்பு, ஒரு விமானத்தைக்கூடத் தரையில் நிறுத்திவைக்க முடியாது. அந்த அதிகாரம் நாடுகளின் சட்டத்திலிருந்து மட்டுமே பிறக்கிறது.

[திரையில்: அமைச்சகம், ஒழுங்குமுறை ஆணையம், வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு, விபத்து விசாரணை எனப் பெயரிட்ட கட்டங்கள்.]

பொதுவாக, கொள்கை வகுப்பதும் பிற நாடுகளோடு விமான சேவை ஒப்பந்தம் செய்வதும் அமைச்சகத்தின் வேலை. விதிகள் இயற்றி, உரிமம் வழங்கி, ஆய்வு நடத்தி, தவறினால் உரிமத்தைப் பறிப்பது ஒழுங்குமுறை ஆணையம். கட்டுப்பாட்டுக் கோபுரத்திலும் ராடார் திரைக்கு முன்னும் அமர்ந்து விமானங்களுக்கு வழிசொல்வது மூன்றாவது வேலை. விபத்து நேர்ந்தால் காரணம் தேடுவது நான்காவது. என் பார்வையில், அலுவலகங்கள் எத்தனை என்பதைவிட, அவற்றுக்கிடையே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதே முக்கியம். தேர்வு எழுதியவரே விடைத்தாளைத் திருத்தக் கூடாது அல்லவா?

அமெரிக்காவின் வரலாறு இந்த இடைவெளியை நன்றாகக் காட்டுகிறது. 1956 ஜூன் 30 அன்று கிராண்ட் கேன்யன் மேலே இரண்டு பயணிகள் விமானங்கள் மோதி 128 பேர் உயிரிழந்தனர். வான்வெளி நிர்வாகம் சிதறிக்கிடந்ததை அந்த விபத்து அம்பலப்படுத்த, 1958-இல் அதிகாரங்களை ஒருசேரத் திரட்டிய புதிய அமைப்பு பிறந்தது. அதுவே அமெரிக்காவின் இன்றைய விமான ஒழுங்குமுறை ஆணையமான எஃப்.ஏ.ஏ. பாதுகாப்பைக் கண்காணிப்பதோடு விமானத்துறையை வளர்ப்பதும் அதன் கடமையாக இருந்தது. விபத்து விசாரணைக்கு 1967-இல் தனி வாரியம் ஏற்பட்டாலும், அது எஃப்.ஏ.ஏ. இருந்த அதே போக்குவரத்துத் துறையின் குடையின் கீழ்தான் தொடங்கியது.

1972 ஜூனில் கனடாவின் விண்ட்சர் நகருக்கு மேலே டி.சி.-10 விமானம் ஒன்றின் சரக்கறைக் கதவு பிய்த்துக்கொண்டு போனது. விமானி எப்படியோ பத்திரமாக இறக்கிவிட்டார். கதவின் பூட்டமைப்பை மாற்றச் செய்யும்படி விசாரணை வாரியம் பரிந்துரைத்தது. பரிந்துரைக்கத்தான் அதனால் முடியும். எஃப்.ஏ.ஏ.வோ கட்டாய உத்தரவு பிறப்பிக்காமல், தயாரிப்பு நிறுவனமே சரிசெய்துகொள்ளும் என்ற இணக்கத்தோடு விட்டுவிட்டது. 1974 மார்ச் 3 அன்று பாரிஸுக்கு அருகே அதே வகை விமானம் அதே கதவினால் விழுந்து 346 பேர் இறந்தனர். விசாரணை வாரியம் 1975-இல் முற்றிலும் தன்னாட்சி பெற்றது. ‘வளர்ப்பது’ என்ற கடமையோ, எவர்கிளேட்ஸ் சதுப்பில் ஒரு விமானம் விழுந்து 110 பேர் இறந்த 1996-ஆம் ஆண்டில்தான் எஃப்.ஏ.ஏ.வின் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது.

அதே 1996-இல் கனடா வேறொரு பிரிவினையைச் செய்தது. வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டை அரசிடமிருந்து எடுத்து, பங்குதாரர்களோ லாப நோக்கமோ இல்லாத ‘நாவ் கனடா’ என்ற நிறுவனத்துக்கு 150 கோடி கனடா டாலருக்கு மாற்றியது. அதன் பாதுகாப்பைக் கண்காணிக்கும் அதிகாரத்தை அரசு தன்னிடமே வைத்துக்கொண்டது.

[திரையில்: விமான வடிவமைப்பு வரைபடங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக.]

இடைவெளியைச் சட்டத்தில் எழுதிவிடலாம். வல்லுநர்களை அப்படி உருவாக்கிவிட முடியாது. கிழக்குக் கரீபியனின் ஆறு சிறு நாடுகள் ஆளுக்கொரு ஆணையம் வைத்துத் திண்டாடாமல் ஒரே ஆணையத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. பெரிய நாடுகளிலோ, புதிய விமானத்தைச் சரிபார்க்கும் வேலையில் ஒரு பகுதி தயாரிப்பு நிறுவனத்தின் பொறியாளர்களிடமே ஒப்படைக்கப்படுகிறது. சம்பளம் நிறுவனத்திடமிருந்து, அதிகாரம் அரசிடமிருந்து. போயிங் 737 மேக்ஸ் சான்றளிப்பிலும் இந்த முறை இருந்தது. 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் அவ்வகை விமானங்கள் இரண்டு விழுந்ததில் இறந்தவர்களும் 346 பேர்தான், விசித்திரமான ஒற்றுமை. ஒப்படைக்கும் முறையை ஒழித்துவிட அமெரிக்க நாடாளுமன்றத்தால் இயலவில்லை, ஏனென்றால் அத்தனை பொறியாளர்கள் அரசிடம் இல்லை. மாறாக, 2020 டிசம்பரில் நிறைவேறிய சட்டம், அப்பணிக்கு நிறுவனம் தேர்ந்தெடுப்பவர்களுக்கு எஃப்.ஏ.ஏ. ஒப்புதல் தர வேண்டும் என்றும், அவர்கள்மீது நிறுவனம் நெருக்கடி செலுத்தக் கூடாது என்றும் விதித்தது.