டாக்டருக்குக் காசு எந்த வழியில வருது?

[திரையில் இரண்டு எண்கள் மட்டும்: 36, 63.8]

தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகள்ல நடக்குற பிரசவத்துல நூத்துக்கு 36 சிசேரியன். தனியார்ல 63.8. தேசிய குடும்ப நல ஆய்வு, 2019-21 கணக்கு இது.

ட்யூட்டி நேரம் போக தனியா பிராக்டிஸ் பண்ண அரசு டாக்டர்களுக்கு இங்க அனுமதி உண்டு. அதனால ரெண்டு பக்கமும் ஒரே டாக்டர் நிக்கிறது சகஜம். அவருக்குக் காலையில சேவை மனசு, சாயங்காலம் பண ஆசையா? ஆள் மாறல, காசு வர்ற வழிதான் மாறுது.

காசு மட்டுமே காரணமும் இல்ல. முதல் பிரசவ வலி 12 மணி நேரத்தைத் தாண்டலாம், நடுராத்திரியில முடியலாம். சிசேரியன் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும், நாளையும் முன்னாடியே குறிச்சுக்கலாம். ஏதாவது ஆனா கேஸ் வருமோங்கிற பயம் வேற. நல்ல நேரம் பார்த்துக் கேட்கிற குடும்பங்களும் இருக்கு, பழியை டாக்டர் மேல மட்டும் போடாதீங்க. இத்தனைக்கும் மேல ஆபரேஷனுக்கு பில்லும் அதிகம்னா, எல்லாமே ஒரே பக்கம் தள்ளுது.

[திரையில்: ஒரு பில், ஒரு சம்பளச் சீட்டு]

செய்யுற வேலைக்கு ஏத்த ஃபீஸ்னா, வேலை கூடும். எது தேவைன்னு சொல்றவரும் அதை விக்கிறவரும் இங்க ஒரே ஆள். நோயாளியால அதைச் சரிபார்க்க முடியாது. பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ 1963லயே இந்தச் சிக்கலை எழுதிட்டார். மாசச் சம்பளம்னா கூடுதலா வெட்டத் தூண்டுதல் இல்ல. ஆனா கூடுதலா ஒரு நோயாளியைப் பார்க்கவும் தூண்டுதல் இல்ல.

சரி, நல்ல சிகிச்சைக்கே காசு குடுத்தா? பிரிட்டன் 2004ல செஞ்சு பார்த்தது. ரத்த அழுத்தம், சர்க்கரைன்னு 146 அளவுகோல், மொத்தம் 1050 பாயின்ட், பாயின்டுக்கு இவ்வளவு பணம். குடும்ப டாக்டர்கள் பாயின்டை அள்ளிட்டாங்க. பாயின்ட் இல்லாத பராமரிப்பு எதிர்பார்த்த அளவுக்கு முன்னேறலன்னு பின்னால ஆய்வுகள்ல தெரிஞ்சது.

[திரையில்: மதுரை, 1976]

டாக்டர் வெங்கடசாமி அரசு வேலையில ஓய்வு பெற்று, 11 படுக்கையோட அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அவர் தியாகத்தைப் பத்திப் பேசுறவங்க அதிகம். கணக்கைப் பத்திப் பேசுறவங்க கம்மி. அங்க டாக்டருக்கு மாசச் சம்பளம், ஆபரேஷனுக்கு இவ்வளவுன்னு கிடையாது. பணம் கட்டுறவங்க பகுதி, இலவசப் பகுதி ரெண்டுலயும் டாக்டர்கள் மாறி மாறிப் பார்க்கிறாங்க. ஒரு மேஜையில கண்புரை ஆபரேஷன் முடியும்போது, பக்கத்து மேஜையில அடுத்தவரைப் பயிற்சி பெற்ற பெண்கள் தயார் பண்ணி வெச்சிருப்பாங்க. சம்பளத்துல வர்ற மந்தத்தை இந்த ஓட்டம் ஈடுகட்டுது. 1992ல ஆரோலேப்னு சொந்தத் தயாரிப்புக் கூடம் தொடங்கி, ஆபரேஷன்ல கண்ணுக்குள்ள வைக்கிற லென்ஸையும் சொந்தமா செஞ்சதால செலவு இறங்குச்சு.

உங்க கைக்கு வருவோம். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி பார்க்கும்போது, "உங்க சிசேரியன் சதவீதம் எவ்வளவு?"ன்னு பொதுவா கேட்காதீங்க. சிக்கலான கேஸ் நிறைய வருதுன்னு பதில் வரும், அது உண்மையாவும் இருக்கலாம். இப்படிக் கேளுங்க: "முதல் பிரசவம், ஒரே குழந்தை, தலை கீழ, 37 வாரம் முடிஞ்சவங்கள்ல எத்தனை பேருக்கு சிசேரியன்?" சிசேரியன் அளவை ஒப்பிட, பிரசவங்களை வகை வகையா பிரிக்கிற முறை ராப்சன் வகைப்பாடு. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிற அதுல முதல் ரெண்டு பிரிவும் இதுதான். நார்மலுக்கும் சிசேரியனுக்கும் பில் எவ்வளவு வித்தியாசம்னும் அங்கேயே கேட்டுடுங்க.

ஸ்கேன், ரத்தப் பரிசோதனைக்கு "இந்த சென்டர்லதான் எடுக்கணும்"னு சொன்னா, ஏன்னு கேளுங்க. மெஷின் தரம், ரிப்போர்ட் எழுதுறவர் அனுபவம்னு நியாயமான காரணம் இருக்கலாம். அனுப்பி வைக்கிறதுக்குக் கமிஷன் வாங்குறது 2002 மருத்துவ நெறிமுறை விதிகள்படி தப்பு. அந்தக் கமிஷனும் உங்க பில்லுலதான் ஏறும். காரணம் சரியா வரலன்னா, டெஸ்ட் பேரை மட்டும் சீட்டுல எழுதி வாங்கிட்டு, ரெண்டு இடத்துல விலை விசாரிங்க.