தடை முடிந்தால் யார் படகேறுவார்?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மீன்பிடித் தடைக்காலம் நடந்துகொண்டிருக்கிறது. ஏப்ரல் 15-ஆம் தேதி கட்டிப்போட்ட விசைப்படகுகள் ஜூன் 14 வரை, 61 நாள், கரையில் நிற்க வேண்டும். போன வாரம் ஒரு சாயங்காலம் பாம்பன் கரைப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். படகுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை ஒரு பக்கம், வலை பொத்துகிற வேலை ஒரு பக்கம். தெரிந்த சம்மாட்டி, அதாவது படகு முதலாளி, ஒருவர் நிழலில் உட்கார்ந்திருந்தார். நான் ராமநாதபுரத்தில் ஒரு கல்லூரியில் மேலாண்மைப் பாடம் நடத்துகிறவன் என்பது அவருக்குத் தெரியும். பார்த்ததும் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, ஆளுகளை வேலை வாங்குறதைப் பத்தித்தானே நீ பாடம் நடத்துற? படிச்ச பயலுக ஏன் ஒரு படகுல நிலைச்சு நிக்க மாட்டேங்குறாங்க? அதுக்கு உன் புஸ்தகத்துல என்ன போட்டிருக்கு?"

அவருடைய கவலை நியாயமானது. தடைக்காலத்தில் ஆட்கள் பிழைப்புத் தேடிக் கேரளப் பக்கம் போய்விடுவார்கள். அங்கே தடை ஜூன் மாதத்தில்தான் தொடங்குகிறது. இங்கே தடை முடிந்து படகை இறக்கும்போது எத்தனை பேர் திரும்பி வருவார்கள், வந்தாலும் தன் படகுக்கு வருவார்களா, பக்கத்துப் படகில் ஏறிவிடுவார்களா என்று ஒவ்வொரு சம்மாட்டிக்கும் வயிற்றைக் கலக்கும். கல்வி, வேலையில் பிடிப்பு, பல பண்பாட்டு மக்களை நிர்வகிப்பது பற்றிய ஆய்வுகளைச் சொல்லுங்கள் என்று வானொலி நிலையத்தார் என்னை அழைத்தபோது, எங்கிருந்து தொடங்குவது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

சம்மாட்டி கேட்ட கேள்விக்குப் புத்தகத்தில் பதில் இருக்கிறது. அவருக்கு அது பிடிக்காது. 1990-இல் மாத்யூ, ஸஜாக் என்ற இரண்டு ஆய்வாளர்கள், அதுவரை வேலைப் பிடிப்பு பற்றி வந்திருந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை ஒன்றாகப் போட்டு அலசினார்கள். படிப்பு கூடக் கூட, வேலை பார்க்கும் இடத்தின் மீதான பிடிப்பு குறைகிறது என்று தெரிந்தது. ஆனால் கொஞ்சம்தான் குறைகிறது. படிப்பு ஒன்றை வைத்து ஓர் ஆள் நிற்பான், போவான் என்று சொல்லிவிட முடியாத அளவுக்கு அந்தத் தொடர்பு சிறியது. காரணமும் சொல்கிறார்கள். படித்தவனுக்கு எதிர்பார்ப்பு அதிகம், அதை முதலாளியால் நிறைவேற்ற முடிவதில்லை. அப்புறம், படித்தவனுக்குப் போக வேறு இடமும் இருக்கிறது.

இதற்கும் முன்னால் 1957-இல் ஆல்வின் கோல்ட்னர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், ஒரு கல்லூரியில் வேலை செய்கிறவர்களைப் பார்த்துவிட்டு இரண்டு வகை ஆட்களைப் பிரித்தார். ஒருவர் அந்த இடத்துக்காரர். நிறுவனமே அவருக்கு எல்லாம். இன்னொருவர் தன் வித்தைக்காரர். எங்கே போனாலும் தன் துறையில் தனக்குப் பெயர் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. இதைப் படித்தபோது எனக்குப் பேராசிரியர்கள் ஞாபகத்துக்கு வரவில்லை. நம்மூர்ப் படகு டிரைவர்கள்தான் வந்தார்கள். நல்ல டிரைவருக்கு எந்தப் படகு என்பது இரண்டாம்பட்சம். 'அவன் போனால் மீன் படும்' என்ற பேர்தான் அவருடைய சொத்து. அவரை யாரும் விசுவாசம் இல்லாதவர் என்று திட்டுவதில்லை. டிப்ளமோ முடித்த பையன் அதையே செய்தால் திட்டுகிறோம்.

சரி, பிடிப்பு என்கிறோமே, அது என்ன? நாம் 'விசுவாசம்' என்று ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம். கனடாவில் ஜான் மேயர், நடாலி ஆலன் இருவரும் 1991-இல் அதை மூன்று இழையாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒருவன் ஓரிடத்தில் நிற்கிறான் என்றால், அங்கே இருக்கப் பிடித்திருப்பதால் நிற்கலாம். விட்டுப்போனால் இழப்பு என்பதால் நிற்கலாம். போவது முறையில்லை என்று மனசு உறுத்துவதால் நிற்கலாம். நம் கரைப் பேச்சில் சொன்னால் மனசு, முன்பணம், நன்றிக்கடன். மூன்றும் ஒரே ஆளிடம் வேறு வேறு அளவில் கலந்திருக்கும் என்பதையும் அவர்களே சொல்கிறார்கள்.

இந்த இரண்டாவது இழையை எனக்குப் புத்தகம் சொல்லித்தர வேண்டியதில்லை. என் அப்பா ஒரு படகில் ஏழு வருஷம் தொழிலுக்குப் போனார். அக்கா கல்யாணத்துக்குப் படகுக்காரரிடம் வாங்கிய முன்பணம் அந்தப் படகில் பாக்கியாக நின்றது. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்து மிச்சத்தைப் பங்கு வைத்தால், கைக்கு வருவதில் முன்பணத்துக்கென்று ஒன்றும் கழியாது; அது அப்படியே நிற்கும். இன்னொரு படகுக்குப் போக வேண்டுமானால் அந்தப் படகுக்காரர் பழைய பாக்கியைக் கட்டி அழைத்துக்கொள்ள வேண்டும். ஏழு வருஷம் ஒரே படகு என்றால் வெளியே இருந்து பார்க்கிறவருக்கு எவ்வளவு விசுவாசம்! வீட்டில் எங்களுக்குத் தெரியும், அதிகாலை இரண்டு மணிக்குத் தூக்குவாளியோடு கிளம்பும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்று.

ஹோவர்ட் பெக்கர் என்ற சமூகவியலாளர் 1960-இலேயே இதை எழுதிவிட்டார். ஒரு காரியத்துக்குச் சம்பந்தமில்லாத வேறு எதையோ அதன் மேல் பணயம் வைத்துவிடுகிறோம், அதனால் அந்தக் காரியத்தை விட முடியாமல் போகிறது என்பது அவர் கருத்து. கல்யாணக் கடனுக்கும் வலை இழுப்பதற்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. ஆனால் கட்டிப்போட்டது அதுதான்.

முதலாளிகள் கவனிக்க வேண்டிய செய்தி 2002-இல் வந்தது. மேயரும் கூட உழைத்தவர்களும் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்தார்கள். மனசு பிடித்து நிற்கிறவர்கள் ஒழுங்காக வேலைக்கு வருகிறார்கள், நன்றாகவும் செய்கிறார்கள். வேறு வழியில்லாமல் நிற்கிறவர்களிடம் அந்தப் பலன் இல்லை. வேலைத்தரம் சற்றுக் குறையவும் செய்கிறது. ஆள் நிற்கிறான், கை ஓடவில்லை. மனசு பிடிப்பதற்கு எது பெரிய காரணம் என்றும் அதில் பார்த்தார்கள். 'இவர்கள் என்னை மதிக்கிறார்கள், என் நல்லது கெட்டதில் அக்கறை இருக்கிறது' என்று தொழிலாளி உணர்வதுதான் முன்னால் வந்தது.

இங்கே ஒரு சந்தேகம் வரும். கனடாவில் எழுதியது பாம்பனுக்கு ஒத்துவருமா? எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. துருக்கியில் அர்சு வஸ்தி என்ற ஆய்வாளர் இதே கேள்வியை எடுத்துக்கொண்டார். அங்கே பலரும் வேலைக்குச் சேருவது உறவுக்காரர், தெரிந்தவர் மூலமாக. அழைத்துவந்தவர் முகத்தில் கரி பூசக் கூடாது, வீட்டார் என்ன நினைப்பார்கள் என்ற கணக்கையும் அவர் தன் ஆய்வில் சேர்த்துக்கொண்டார். மேற்கத்திய ஆய்வுகள் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. கீழக்கரையில் கேட்டுப் பாருங்கள், மாமா எடுத்த விசாவில் வளைகுடாவுக்குப் போன மருமகன், அந்தக் கடை பிடிக்காவிட்டாலும் மாமா பேருக்காக இரண்டு வருஷம் தள்ளுவான். இது மனசும் இல்லை, முன்பணமும் இல்லை.

வளைகுடா என்றதும் இன்னொன்று. கஃபீல், அதாவது விசா கொடுத்து அழைத்த முதலாளி, கையெழுத்துப் போடாமல் வேறு முதலாளியிடம் மாற முடியாது என்ற விதியை, வளைகுடா போய்வரும் நம் சபுராளிகள் எல்லாரும் அறிவார்கள். கத்தார் 2020-இல் அந்தத் தடையில்லாச் சான்று தேவையில்லை என்று சட்டத்தை மாற்றியது. மாற்றுவதற்கு முந்தின நாள் வரை அங்கே வேலையை விடாமல் இருந்தவர்களை எந்த ஆய்வாளராவது 'பிடிப்பு மிக்கவர்கள்' என்று எண்ணியிருந்தால், அவர் எண்ணியது சட்டத்தைத்தான்.

பண்பாடு தாண்டி நிர்வகிப்பது என்றால் எல்லாரும் முதலில் சொல்கிற பெயர் நெதர்லாந்துக்காரர் ஹீர்ட் ஹாஃப்ஸ்டெட். 1967 முதல் 1973 வரை ஐபிஎம் என்ற கணினி நிறுவனத்தின் பல நாட்டு ஊழியர்களிடம் எடுத்த 1,16,000 வினாத்தாள்களை வைத்து, 1980-இல் நாடுகளுக்கு மதிப்பெண் போட்டார். மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் நடுவில் உள்ள தூரத்தைக் கீழே இருப்பவர் எந்த அளவுக்கு இயல்பு என்று ஏற்கிறார் என்பது அதில் ஓர் அளவு. இந்தியாவுக்கு 77. அதிகம்தான். தன் கருத்தை மேலாளர் முன்னால் சொல்லத் தயங்குகிறவர்கள் என்று பொருள். வெளிநாட்டு மேலாளர் "புரிந்ததா?" என்று கேட்கிறார், நம்மவர் "சரி சார்" என்கிறார். அந்தச் 'சரி'க்கு 'காதில் விழுந்தது' என்று மட்டும் அர்த்தம். மேலாளர் அதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்கிறார். பாதிச் சண்டை அங்கே தொடங்குகிறது.

ஆனால் இந்த 77-ஐ நான் வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கடல்தான் குறுக்கே வருகிறது. கரையில் சம்மாட்டி முன்னால் உட்காராத பதினெட்டு வயதுப் பையன், படகின் முன்னணியில் நிற்கும்போது நீரின் நிறம் மாறுவதைப் பார்த்தால் "பார் கிடக்கு, திருப்புங்கண்ணே!" என்று கத்துவான். டிரைவர் கோபித்துக்கொள்ள மாட்டார், திருப்புவார். பவளப் பாரில் ஏறினால் படகு போச்சு. அதே இரண்டு பேர் கரைக்கு வந்ததும் பழையபடி. ஒரே ஆள், ஒரே நாள், எந்த எண்ணைப் போடுவது? ஒரு நாட்டுக்கே ஓர் எண் போட முடியுமா, அதுவும் ஒரே நிறுவனத்தின் ஊழியர்களைக் கேட்டு, என்று பிரெண்டன் மெக்ஸ்வீனி என்ற ஆய்வாளர் 2002-இல் கடுமையாகவே கேட்டார்.  ஐபிஎம் ஊழியரையும் பாம்பன் தீவில் மரிக்கொழுந்து என்ற கடற்பாசி எடுக்கக் கடலில் முங்கும் பெண்ணையும் ஒரே எண்ணுக்குள் அடைக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பெண்களுக்கு மேலாளரே கிடையாது. எந்த நாள் கடலுக்குப் போவது, எந்த நாள் பாசியை வளர விடுவது என்று தாங்களே கூடிப் பேசிக்கொள்கிறார்கள்.

நம் நாட்டு ஆய்வாளர் ஒருவரைச் சொல்லாமல் விடக் கூடாது. பாட்னாவில் இருந்த ஜே.பி.பி. சின்ஹா. ஜனநாயக முறையில் எல்லாரையும் கலந்து முடிவெடுப்பவரே நல்ல தலைவர் என்று வெளிநாட்டுப் புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், அதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் ஓடாது என்று 1980-ஐ ஒட்டி எழுதினார். நம் ஊழியர் எதிர்பார்ப்பது அக்கறையும் கண்டிப்பும் சேர்ந்த ஆளை. பிள்ளை காய்ச்சல் என்றால் விசாரிக்க வேண்டும், வேலை கெட்டால் விடக் கூடாது. இதுவரை கேட்கிற சம்மாட்டிகள் எல்லாம் 'அதானே, நான் அப்படித்தானே' என்று மீசையைத் தடவுவார்கள். சின்ஹா அதோடு நிறுத்தவில்லை. ஆள் வேலை பழகப் பழக, தலைவர் பிடியைத் தளர்த்தி, அவனைக் கலந்து முடிவெடுக்கும் நிலைக்கு வர வேண்டும் என்றார். அந்தப் பாதியைத்தான் நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். பத்து வருஷம் கூட வந்தவனும் நமக்குச் சின்னப் பயல்தான்.

ராமநாதபுரம் என்றாலே தண்ணியில்லாக் காடு, தண்டனைக்கு மாற்றும் ஊர் என்று அரசு அலுவலகங்களில் ஒரு பேச்சு உண்டு. வெளி மாவட்டத்திலிருந்து இங்கே வேலைக்கு வந்து, மறு மாதமே இடமாற்றத்துக்கு மனுப்போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். நான் கடற்கரைப் பள்ளி ஒன்றில் படித்தபோது ஒரே வருஷத்தில் கணக்குக்கு மூன்று வாத்தியார் வந்து போனார்கள். எங்களுக்குக் கோபம். இப்போது யோசித்தால், அந்த ஊரில் அவர்களிடம் யாராவது ஒரு நாள் மீன் குழம்பு கொடுத்துப் பேசியிருக்கிறோமா என்று கேட்டுக்கொள்கிறேன். நான்காவதாக வந்தவர் திருநெல்வேலிக்காரர். எங்கள் பேச்சு அவருக்கும் அவர் பேச்சு எங்களுக்கும் பாதி புரியாது. கச்சான் காற்று அடிக்கும்போது ஏன் பாதி வகுப்பு வரவில்லை என்று கேட்டு, அப்பாக்களிடம் காற்று பற்றித் தெரிந்துகொண்டு, அதையே கணக்காகப் போட்டார். ஒரு லிட்டர் டீசலுக்கு எத்தனை கடல் மைல் என்று. அவர் ஆறு வருஷம் இருந்தார்.

திரும்பவும் பாம்பனுக்கு வருகிறேன். இவ்வளவையும் இன்னும் சுருக்கமாகச் சம்மாட்டியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "சரி தம்பி. முன்பணம் கொடுக்காம விட்டா எவன் வருவான்? பக்கத்துப் படகுக்காரன் கொடுக்குறானே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு படகுக்காரர் மட்டும் நிறுத்தினால் அவர்தான் நஷ்டப்படுவார். அதை ஊர் கூடித்தான் பேச வேண்டும்; வாரத்தில் எந்த நாள் விசைப்படகு, எந்த நாள் நாட்டுப்படகு என்று பேசித் தீர்த்துக்கொண்ட கரை இது.

அவர் படகில் போன வருஷம் நிலைக்காமல் போன அந்தப் படித்த பையனை எனக்குத் தெரியும். மெக்கானிக்கல் டிப்ளமோ. மறுநாள் தங்கச்சிமடத்தில் டீக்கடையில் பார்த்துக் கேட்டேன், ஏன்டா போனாய் என்று. கூலி குறைச்சல் என்பான் என்று நினைத்தேன்.

"இஞ்சின் மக்கர் பண்ணும் சார். எனக்கு என்னான்னு தெரியும். தொடாதேம்பாரு. கரைக்கு வந்து மெக்கானிக்கை வரச் சொல்லி, ரெண்டு நாள் பாடு போயிரும். நான் மூணு வருஷம் படிச்சது அவருக்கு ஐஸ் உடைக்கவா?" என்றான். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "இஞ்சினைத் தொட விடுவாரான்னு கேட்டுச் சொல்லுங்க சார். விட்டா வர்றேன்" என்றான்.

கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். நேரில் கேட்கத் தயக்கமாக இருந்தது; 77 என்று சொன்னேனே, அது எனக்கும் உண்டு. சம்மாட்டி படகில் எப்போதும் ரேடியோ வைத்திருப்பார். அண்ணே, கேட்டுக்கொண்டிருந்தால், பையன் கேட்டது இதுதான். படகு இறங்க இன்னும் நாள் இருக்கிறது.

வணக்கம்.